இல்லாத முழங்கால் வலி

மலாய் நாட்டு ரெங்கம் ஸ்டேஷனிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் ராஜசேகரன் இரண்டாம் கிராணி. கணக்கு, கடிதம், தொரைக்குச் சலாம் என்று காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடும் உத்தியோகம். சம்பளம் பெரிதில்லை, அவனுடைய இங்கிலீஷ் பெரிது. அவன் எழுதிய ஒரு கடிதத்தைப் படித்துவிட்டுத் தொரையே அகராதியைத் தேடினார் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே ராஜசேகரன்தான் என்று இன்னொரு பேச்சும் உண்டு.

ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய் மறுபடி தலைதூக்கிக்கொண்டிருந்த 1936ஆம் வருஷம், தை மாதத்து சனிக்கிழமை ஒன்றில் அவன் ஒரு பொய் சொன்னான். மூன்றே சொல்லில் முடிந்துவிட்ட பொய். தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதுகிறவன் அதைவிடப் பெரிய பொய்களைத் தினமும் மை தொட்டு எழுதுகிறான். அவற்றில் எதுவும் அவன் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இது கெடுத்தது.

விஷயம் ஒரு சைக்கிள் கியர் சம்பந்தப்பட்டது.

ஸ்டேஷனுக்கு எதிர்வரிசையில் செபஸ்தியனின் சைக்கிள் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு; நடுவில் ஒரு துணித் திரை. செபஸ்தியனுக்குப் பிறவியிலேயே இடது கால் குட்டை. சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி பூட்டத் தெரிந்த அந்த மனுஷருக்குச் சைக்கிள் ஓட்ட வராது. இதை அவர் மறைத்ததும் இல்லை, இதற்காக அழுததும் இல்லை. “தையக்காரன் எல்லாருக்கும் தைக்கிற சட்டைய அவனே போட்டா பாக்குறான்?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

தன்னால் ஓட்டிப் பார்க்க முடியாது என்பதால் அவர் கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். புதிதாக எந்தச் சாமான் வந்தாலும், தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு வாரம் கொடுத்து ஓட்டச் சொல்வார். முன்பணம் கிடையாது, சீட்டு கிடையாது. ஓட்டியவர் திரும்பி வந்து என்ன சொல்கிறாரோ அதுதான் அந்தச் சாமானின் தலையெழுத்து. நல்லது என்றால் கடையில் தொங்கும். ஆகாது என்றால் எத்தனை லாபம் வருவதானாலும் விற்க மாட்டார். பிடிவாதக்காரர். இந்த விஷயத்தில் அவர் மனைவி சவேரியம்மாளின் பேச்சைக்கூடக் கேட்கமாட்டார்.

அந்தத் தை மாதம் சிங்கப்பூரிலிருந்து அவருக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு மூன்று வேக கியர்கள். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே பல்சக்கரங்கள் அடங்கிய, சீமையில் செய்த சாமான். மூன்று மாதத்துக்குள் பன்னிரண்டையும் விற்றுக் காட்டினால் ரெங்கம், குளுவாங் வட்டாரத்துக்கு அவர்தான் நிரந்தர ஏஜெண்டு என்று சிங்கப்பூர்க் கம்பெனி சொல்லியிருந்தது. பங்சருக்குப் பசை தடவியே நாற்பது வயதைத் தாண்டிவிட்ட செபஸ்தியனுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. கடைக்குப் புதுப் பலகை எழுத ஒரு பெயிண்டரிடம் பேசியும் வைத்திருந்தார்.

பன்னிரண்டில் ஒன்றை எடுத்து, ரிம்மில் கம்பி கோத்து, கோட்டம் எடுத்து, முழுச் சக்கரமாக்கி ராஜசேகரனின் சைக்கிளில் மாட்டினார்.

“நீங்கதான் தம்பி ஓட்டணும். உங்க தோட்டத்துல இல்லாத மேடா? நல்லா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும், அஞ்சாறு கிராணிமாரு பின்னாலயே வந்துடுவாங்க.”

“நான் என்னண்ணே, அவ்ளோ பெரிய ஆளா?”

“இங்கிலீஷ்காரன் சாமானுக்கு இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளுதான் சொல்லணும். அப்பத்தான் ஊரு கேக்கும்லா!”

ராஜசேகரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தோட்ட ஆபீஸுக்கும் மூன்றாம் டிவிஷனுக்கும் நடுவில் செம்மண் மேடு ஒன்று உண்டு. தொரையின் மோட்டார் வண்டியே அதில் முனகிக்கொண்டுதான் ஏறும். கிராணிகள் அடிவாரத்தில் இறங்கி, வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள்; பால்வெட்டுப் பெண்கள் வாளியோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்தத் திங்கட்கிழமை ராஜசேகரன் இறங்கவில்லை. விசையை ஒரு தட்டுத் தட்டினான், மிதி இலேசாகிவிட்டது. உட்கார்ந்தபடியே மேட்டின் உச்சிக்குப் போனான். “கிராணியாரு எறங்காமயே போறாருடி!” என்று பின்னால் ஒரு பெண் கத்தியது காதில் விழுந்தது. முப்பத்திரண்டு வயதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. தேவையே இல்லாமல் அன்று இன்னொரு முறையும் மூன்றாம் டிவிஷனுக்குப் போய்வந்தான்.

அந்தச் சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் ஆபீஸ் அலமாரியில் பழைய தொரை விட்டுப்போன விலைப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. லண்டனில் இருந்த ஏதோ ஒரு கம்பெனியுடையது. தபாலில் எழுதினால் உலகத்தில் எந்த மூலைக்கும் சாமான் அனுப்புகிறவர்கள். புரட்டிக்கொண்டே வந்தவன் ஒரு பக்கத்தில் நின்றான். அதே கியர். அதே படம். ஆறு பேர் சேர்ந்து வாங்கினால் கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் போட்டாலும் செபஸ்தியன் சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது.

செபஸ்தியன் கொள்ளை லாபம் வைக்கிறவர் இல்லை. சிங்கப்பூர்க்காரன் தன் பங்கை எடுத்துக்கொண்டு, ரயில்காரன் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சம் இருப்பதில்தான் அவர் அடுப்பு எரிந்தது. ராஜசேகரனுக்கு இது தெரியாததல்ல. அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தான். நாலாவது தடவை படிக்கும்போது பக்கத்துத் தோட்டத்து ஆபீஸுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

அங்கே ஸ்டோர் கிராணியாக இருந்த காளியப்பன் இந்த மாதிரி காரியத்துக்கென்றே பிறந்தவன். சீட்டு கிடைத்த மறுநாளே தன்னைத் தவிர இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டான். ராஜசேகரனோடு ஆறு. ஆர்டர் தாளில் லண்டன்காரன் ஆயிரம் கேள்வி கேட்டிருந்தான்: ரிம்மில் எத்தனை துளை, சங்கிலி எவ்வளவு அகலம், அச்சு எவ்வளவு நீளம். ராஜசேகரன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செபஸ்தியனின் சக்கரத்தைக் கழற்றினான். துளைகளை எண்ணினான். அச்சின் மேல் நூலை வைத்து அளந்து, நூலை ஆபீஸ் அடிக்கோலில் வைத்துப் பார்த்தான். எந்தக் கியர் எந்தச் சைக்கிளுக்குப் பொருந்தும் என்று செபஸ்தியன் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை ஒரு முழ நூலில் எடுத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை தபால் போய்விட்டது.

சனிக்கிழமை சக்கரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினான். “இப்போதைக்கு வசதிப்படாதுண்ணே” என்று சொல்வதாகத்தான் எண்ணம். பாதி வழியில்தான் அதிலுள்ள சிக்கல் புரிந்தது. வசதியில்லை என்றால், “அதனால என்ன தம்பி, முடியறப்ப குடுங்க” என்று சக்கரத்தை அவன் தலையிலேயே கட்டிவிடுவார் செபஸ்தியன். அவர் அப்படிப்பட்டவர். வேறு காரணம் வேண்டும். என்ன காரணம் என்று முடிவாகும் முன்னே கடை வந்துவிட்டது.

செபஸ்தியன் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“எப்படி தம்பி?”

“முழங்கால் ரொம்ப வலிக்குதுண்ணே.”

வேறு உறுப்பே கிடைக்கவில்லையா என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டான். கிடைக்கவில்லை.

செபஸ்தியனின் முகத்தில் சிரிப்பு அப்படியே அணைந்தது. கியர் போயிற்றே என்ற கவலை இல்லை அது. அவனைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்து, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, வலது முழங்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“இங்கயா?”

“இல்லண்ணே.”

“இங்கயா?”

ஏதாவது ஓர் இடத்தைச் சொல்லத்தானே வேண்டும். “அங்கதான்,” என்றான்.

திரைக்குப் பின்னாலிருந்து சவேரியம்மாள் தைலக் குப்பியோடு ஓடிவந்தாள். தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிச் செபஸ்தியனே தேய்த்துவிட்டார். “எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு உங்களப் போட்டு வாட்டிட்டேனே, தம்பி,” என்று இரண்டு முறை சொன்னார். ராஜசேகரன் பழைய சக்கரத்தை மாட்டிக்கொண்டு, அவர்கள் பார்வை மறையும் வளைவு வரை நொண்டிக்கொண்டே சைக்கிளைத் தள்ளினான். கால் குட்டையான ஒருவருக்கு முன்னால் நொண்டி நடித்திருக்கிறோம் என்பது வளைவைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மாதம் ஸ்டேஷன் பக்கமே தலைகாட்டாமல் இருந்தான். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அரிசி மூட்டை ஏற்றிவந்த மாட்டு வண்டியிலிருந்து செபஸ்தியன் அவன் வீட்டு வாசலில் இறங்கினார். கையில் புதுத் தைலக் குப்பி.

செபஸ்தியனுக்கு இங்கிலீஷ் வராது. கம்பெனிகளுக்குப் போகிற கடிதத்தையெல்லாம் ராஜசேகரன்தான் எழுதித் தருவான். வருகிற கடிதத்தையும் அவன்தான் படித்துச் சொல்வான். அதற்குக் காசு வாங்கியதில்லை. அந்த ஒரு காரியத்தில் அவனுக்குப் பெருமை உண்டு.

ராஜசேகரனின் மனைவி சந்திரமதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். செபஸ்தியன் ஒரு வாய் குடித்துவிட்டு, “எழுதுங்க தம்பி,” என்றார். “இந்த கியரு எங்க ஊரு மேட்டுக்கு ஆகல. நான் நம்புற ஆளு ஒருத்தரு ஒரு வாரம் ஓட்டிப் பாத்தாரு. முழங்காலு போச்சு. பன்னெண்டையும் திருப்பி அனுப்புறேன், மன்னிக்கணும். அவ்ளோதான்.”

ராஜசேகரனின் பேனா தாளைத் தொடவில்லை. “ஏஜென்சி போயிடுமேண்ணே.”

“போனா போவுது. தபால்காரரு மாட் சாலே தெனம் வந்து கேக்குறாரு, அந்தக் கியரு எங்கேன்னு. அவரு பொழப்பே காலுதானே? தெரிஞ்சுக்கிட்டே எப்படி அவரு தலையில கட்டுறது?”

“எனக்கு மட்டும் வலிச்சிருக்கலாம்ணே. என் காலு சொத்தக் காலு. வேற யாரயாவது ஓட்டச் சொல்லிப் பாருங்களேன்.”

“சொல்லாமயா இருந்தேன்? காளியப்பன கேட்டேன், வேண்டவே வேணாம்னுட்டாரு. இன்னும் நாலு கிராணிமார கேட்டேன். ஒருத்தரும் தொடல. உங்களுக்கு வலிச்ச சேதி ஊருக்கே தெரிஞ்சிருக்கும் போல தம்பி. இனிமே யாரு ஓட்டுவா?”

அவர்கள் தொடாததற்குக் காரணம் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அது அந்த அறையில் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ‘அண்ணே, வலி எல்லாம் பொய்’ என்று சொன்னால் கடிதம் நின்றுவிடும், பெட்டி கடையிலேயே இருக்கும், மாட் சாலே அன்றைக்கே ஒன்றை மாட்டிக்கொள்வார். ராஜசேகரனுக்கு இதெல்லாம் தெரிந்தது. ஆனால் செபஸ்தியன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லும் தைரியம் வரவில்லை. பேனாவை மையில் தோய்த்தான்.

எழுதினான். நன்றாகவே எழுதினான். பாதியில் ஒரு சொல்லை அடித்துவிட்டு, அதைவிட எடுப்பான சொல் ஒன்றைப் போட்டான். பிற்பாடு மற்ற எல்லாவற்றையும்விட அந்த அடித்தல்தான் அவனை அதிகம் வெட்கப்படுத்தியது.

செபஸ்தியன் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். போகும்போது, “தைலத்த விடாம தேய்ங்க,” என்றார். வண்டி மறைந்ததும் சந்திரமதி காப்பிக் கோப்பையை எடுத்தபடி கேட்டாள்:

“ஒங்களுக்கு எந்தக் காலு வலிக்குது?”

“எடது காலு.”

“அவரு எங்கிட்ட வலதுன்னாரு,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

பத்து நாளில் பதில் வந்தது. படித்துச் சொல்ல வரும்படி செபஸ்தியன் ஆள் அனுப்பினார். போகாமல் இருக்க முடியாது. கடையில் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. ராஜசேகரன் கடிதத்தைப் பிரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தமிழில் சொன்னான். பெட்டி வந்து சேர்ந்தது. ஏஜென்சியைக் குளுவாங்கில் உள்ள வேறு கடைக்குக் கொடுத்துவிட்டோம். இனி நமக்குள் வியாபாரம் இல்லை.

“நடுவுல ரெண்டு வரிய தாண்டிட்டீங்களே தம்பி,” என்றார் செபஸ்தியன். அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ராஜசேகரன் தாளிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான். “அது ஒண்ணுமில்லண்ணே.”

“சும்மா சொல்லுங்க.”

“இதே கியரு நூத்துக்கணக்குல வித்திருக்கோம், எங்கயும் யாருக்கும் வலிச்சதில்ல. உங்க ஆளு... உங்க ஆளு ஒண்ணு சைக்கிள்ல ஏறியே அறியாதவரா இருக்கணும், இல்லன்னா பொய்யரா இருக்கணும்னு எழுதியிருக்கான்.”

செபஸ்தியனுக்குக் கோபம் வந்து அவன் பார்த்ததில்லை. அன்று பார்த்தான். கடிதத்தை அவன் கையிலிருந்து பிடுங்கி, கசக்கி, கிழிந்த டியூப்கள் கிடந்த வாளியில் எறிந்தார். “எவன்டா அவன்! சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு என் கடைக்கு வர்ற மனுஷன பொய்யன்னு சொல்றதுக்கு? அவன் ஏஜென்சி எனக்கெதுக்கு? போவட்டும் சனியன்!” கத்திக் கத்தி அவருக்கு மூச்சு வாங்கியது.

அவன் எழுதியது உண்மைதான் அண்ணே என்று சொல்ல ராஜசேகரன் வாயைத் திறந்தேவிட்டான். சத்தியமாகத் திறந்தான். அதற்குள் பங்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு மலாய்க்காரர் உள்ளே வந்துவிட்டார். நல்லவேளை தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வீடு வந்து சேர்வதற்குள் அந்த நல்லவேளை கெட்டவேளையாகிவிட்டது. ஒரு மனுஷர் தன் பிழைப்பை உதறிவிட்டு அவனுடைய மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார், அந்த மானமோ அவனிடம் இல்லவே இல்லை. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் தோட்டத்து மேட்டில் சைக்கிளைத் தள்ளும்போதெல்லாம் அவனுக்கு அந்தக் கத்தல்தான் காதில் கேட்டது. பார்சல் கடலில் மூழ்கிப் போகக்கூடாதா என்றுகூட வேண்டிக்கொண்டான்.

மூழ்கவில்லை. சித்திரை பிறந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, பார்சல் வந்துவிட்டது. காளியப்பன் தபாலாபீஸிலிருந்து எடுத்து நேரே ராஜசேகரனின் ஆபீஸுக்கே கொண்டுவந்தான். எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தால் ஆறும் பளபளவென்று மின்னின. காளியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“நாளைக்கே ஆறையும் செபஸ்தியன்கிட்ட குடுத்துடலாம். கம்பி கோத்து மாட்டணும்ல?”

ராஜசேகரன் கையிலிருந்த கியரைக் கீழே வைத்தான். முழங்கால் கதை காளியப்பனுக்குத் தெரியாது. “குளுவாங்குக்கு எடுத்துட்டுப் போனா என்ன? அங்க இப்போ இந்த கியருக்கே ஏஜெண்டு இருக்கான்.”

“அலமாக்! ரயிலு காசும் குடுத்து, கோணச் சக்கரத்த வாங்கிட்டு வரவா? சாமானு சீமையிலருந்து வரலாம். சக்கரம் செபஸ்தியன் கையாலதான் வரணும். நாங்க காலையிலயே போயிடுறோம்.”

ஆக, ராஜசேகரனுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாயங்காலம். காளியப்பன் அதைச் சொல்லாமல் போயிருந்தால் அவன் தானாகச் செபஸ்தியனிடம் போயிருப்பானா? போயிருக்க மாட்டான். மனச்சாட்சி மூன்று மாதம் தள்ளியும் நகராதவனை, மாட்டிக்கொள்வோம் என்ற பயம் ஒரு நிமிஷத்தில் நகர்த்தியது. அதுவும் அவனுக்குத் தெரிந்தேதான் இருந்தது. தன் பங்குக் கியரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, ஆபீஸ் மணி அடித்ததும் புறப்பட்டான்.

கடையில் வேறு யாரும் இல்லை. செபஸ்தியன் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜசேகரன் பொட்டலத்தை மேசையில் வைத்தான். அவர் பிரித்து எடுத்து, காதோரம் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் கேட்டார்.

“அதே சாமானு. ஏது?”

“சீமையிலருந்து தபால்ல வரவழைச்சேன். ஆறு வந்திருக்கு. காளியப்பன், இன்னும் நாலு பேரு. தை மாசமே எழுதிப் போட்டுட்டேன்.” நிறுத்தினால் மறுபடி சொல்ல வராது என்று மளமளவென்று சொன்னான். “நீங்க ஓட்டக் குடுத்த சக்கரத்துலதான் அளவு எடுத்தேன்.”

செபஸ்தியன் கியரையே பார்த்தார்.

“வலிக்கிற கால வச்சிக்கிட்டு இத எதுக்கு தம்பி வரவழைச்சீங்க?”

“வலிக்கவே இல்லண்ணே. ஒரு நாளும் வலிக்கல.”

சுழன்றுகொண்டிருந்த சக்கரம் மெல்ல நின்றது. அடிப்பார் என்று ராஜசேகரன் எதிர்பார்த்தான். அடித்திருக்கலாம்.

“வெல கம்மியா கெடச்சா வாங்கிக்கிறது தப்பில்ல,” என்றார் செபஸ்தியன், குரல் உயராமல். “அத சொல்லியிருந்தா நானே கோத்துக் குடுத்திருப்பேன். கூலிய குடுத்திருப்பீங்க. பெட்டியும் இங்கயே இருந்திருக்கும். மாட் சாலே ஒண்ணு வாங்கியிருப்பாரு.” கியரை மேசையில் வைத்தார். “நான் சொல்லச் சொல்ல எழுதுனீங்களே. அந்தக் கடுதாசிய. எப்படி எழுதுனீங்க?”

“சிங்கப்பூருக்கு நானே எழுதுறேன்ணே. பொய்யன் நான்தான்னு எம்பேர போட்டு எழுதுறேன்.”

“எழுதுனா? குளுவாங்காரன்கிட்டருந்து புடுங்கி எனக்குக் குடுப்பானா?”

குடுக்க மாட்டான். இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு சவேரியம்மாள் வந்தாள். கையில் பாதி எரிந்த மெழுகுவத்தி. அவனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“தம்பியா! உங்களுக்கு நூறு வயசு. இப்பத்தான் உங்கள நெனச்சு ஜெபத்த முடிச்சிட்டு எந்திரிக்கிறேன்.”

“என்னயவா அண்ணி?”

“இவரு சொல்லலயா? அந்தோனியாருக்கு ஒம்போது செவ்வா நவநாள் புடிச்சேன், உங்க முழங்காலுக்காக. இன்னியோட ஒம்போது முடிஞ்சிருச்சு.” அவள் பேசிக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெறும் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு எழுந்த கால்கள் அவளுக்கு இன்னும் நேராகவில்லை. “இவரு கடைக்கு வேண்டிக்கோன்னாரு. ஏஜென்சி வேணுமா வேணாமான்னு இவரு பொலம்பிக்கிட்டு இருந்த நேரம் அது. ஒரு நவநாளுக்கு ஒரு வேண்டுதல்தானே தம்பி வைக்க முடியும்? கடைய அப்புறம் பாத்துக்கலாம், நம்மால வந்த வலி, மொதல்ல அது தீரட்டும்னு உங்க காலுக்கே வச்சிட்டேன். சொல்லுங்க, இப்ப எப்படி இருக்கு?”

அவளிடமும் ஒருமுறை சொல்லியாக வேண்டும் என்று ராஜசேகரன் வாயைத் திறந்தான். செபஸ்தியன் அவனைப் பார்த்தார். சொல்லாதே என்றது அந்தப் பார்வை. அது அவனுக்காக இல்லை.

“சரியாயிடுச்சாம்,” என்றார் செபஸ்தியன்.

“நெசமாவா!” சவேரியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “அந்தோனியாரே! நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல? தம்பி, கொஞ்சம் நடந்து காட்டுங்க. ஏங்கண்ணால பாக்கணும்.”

அவன் அசையவில்லை.

“நடங்க, கிராணி ஐயா,” என்றார் செபஸ்தியன். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ராஜசேகரன் மேசையிலிருந்து வாசல் வரை நடந்தான். திரும்பி வாசலிலிருந்து மேசை வரை நடந்தான். சவேரியம்மாள் மெழுகுவத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவன் வைத்த ஒவ்வோர் அடியையும் பார்த்தாள்.

“கொஞ்சங்கூட நொண்டல! ஒரு தடவ மடக்கி உக்காந்து எந்திரிங்க தம்பி.”

உட்கார்ந்து எழுந்தான். முழங்காலில் ஒரு வலியும் இல்லை.